வெண்டைக்காய் நீளம்

மாஸ்க்கைக் கழட்டிட்டு உக்காரு அம்மணி. திட்டறதுக்குக் கூப்பிடல. திட்டறதா இருந்தா தியேட்டருக்குள்ளயே, சிஸ்டருங்க முன்னாடியே திட்டியிருப்பேன். இப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு காபி வாங்கிக் குடுக்க மாட்டேன். குடி, ஆறிரும். கேன்டீன்ல சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருப்பாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல.

பிரிசில்லான்னு கூப்பிடணும்னுதான் பாக்கறேன், வாய் வர மாட்டேங்குது. எங்க கோபிப் பக்கம் எளவயசுப் பொண்ணுக எல்லாம் அம்மணிதான், டாக்டரா இருந்தாலும் சரி. நீ தூத்துக்குடிக்காரி, உனக்கு ஒரு மாதிரி இருக்கலாம். பழகிக்க. இந்த ஆஸ்பத்திரியில நீ பழகிக்க வேண்டியது இன்னும் எத்தனையோ கெடக்குது.

இன்னிக்கு ஆபரேஷன்ல அந்தப் பேப்பர் ஸ்கேலை வயித்துக்குள்ள விட்டியே, அது தப்புன்னு சொல்ல வரல. சரின்னும் சொல்ல வரல. செத்த நேரம் நாயம் பேசலாம்னுதான் கூப்பிட்டேன். எனக்குப் பேச இங்க யாரு இருக்கா? எங்க டாக்டர்கிட்டப் பேசினா பேப்பரைப் பாத்துக்கிட்டே "ம்"ம்பாரு.

நான் யாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கற? வாசல் போர்டுல ரெண்டு பேரு இருக்குது, பாத்திருப்ப. மேல எங்க வீட்டுக்காரரு டாக்டர் நல்லசிவம், கீழ டாக்டர் கோகிலவாணி. கோகிலவாணின்னா பிரசவ டாக்டர் அம்மணி, கேமரா புடிக்கறவ இல்ல. இந்த ஊர்ல இன்னிக்குக் கல்யாண வயசுல திரியற பசங்கள்ல பாதிப் பேரு என் கையில வந்து விழுந்தவங்கதான். இப்ப ஸ்கேன் ரூம் இருக்குதே, அதுதான் என் பிரசவ வார்டு. அந்தச் சுவத்துல இன்னும் தொட்டில் கொக்கி இருக்குது. நீ கவனிச்சிருக்க மாட்ட.

அவரு கோயம்புத்தூர் போயி இந்தத் துளை ஆபரேஷன் கத்துக்கிட்டு வந்தாரு. மிஷின் வந்து எறங்குச்சு. கேமரா புடிக்க ஆள் இல்ல. "கோகிலா, ஆள் கெடைக்கற வரைக்கும் செத்த புடி"ன்னாரு. செத்த நேரம்னு புடிச்சதுதான். எம் மக சிந்துஜா அப்ப ரெண்டாங் கிளாஸ். இப்ப அவளுக்கே ரெண்டாவது கொழந்தை பொறக்கப் போகுது, நான் இன்னும் புடிச்சுக்கிட்டு இருக்கேன்.

சின்னப் புள்ளையில அவ கேப்பா, "அம்மா, நீ அங்க என்னதான் பண்ற?"ன்னு. நான் சொல்லுவேன்: ஒருத்தர் வயித்துல மூணு சின்னத் துளை போடுவோம். உள்ள காத்தடிச்சு உப்ப வைப்போம். ஒரு துளையில கேமராக் குழாய் போகும், அது எங்கையில. மத்த ரெண்டு துளையில அப்பா கவ்வி, கத்திரின்னு ரெண்டு ஆயுதத்தை விட்டு, டிவியைப் பாத்துக்கிட்டே வேலை செய்வாரு. டிவில என்ன தெரியணும், எவ்வளவு பெரிசாத் தெரியணும்னு எல்லாம் அம்மா கைதான். அவ கண்ணை அகலமா வச்சுக்கிட்டு, "அப்ப அப்பாவுக்கு நீ சொன்னாத்தான் தெரியுமா?"ன்னா. எனக்கு அன்னிக்குப் பெருமையா இருந்துச்சு.

பெருமை அன்னியோட சரி. பொறகு தெரிஞ்சுபோச்சு, இது வேலை இல்ல, கட்டிப் போடறது. மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. கால் மரத்துப் போகும், மாத்த முடியாது. இப்படி அசைஞ்சா உள்ள படம் ஆடும், "கோகிலா"ம்பாரு, அந்த ஒரு வார்த்தைதான். உள்ள போ, பின்னால வா, மேல பாரு, தொடச்சுட்டு வா, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். வீட்டுலயும் அதேதான். டிவி பாத்துக்கிட்டு இருக்கறப்ப "கோகிலா, செத்த கிட்ட"ம்பாரு, நான் எந்திரிச்சு தண்ணிச் சொம்பைக் கிட்ட நகத்தி வைப்பேன். கோயிலுக்குப் போனாக்கூட அவருக்கு எடது பக்கமாத்தான் நிக்கறேன். சிந்துஜா ஒருநாள் சொல்லிச் சிரிச்சா. அப்பறந்தான் எனக்கே தெரிஞ்சுது.

பேஷன்ட்டுக குணமாகி இளநீக் குலையைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. அவருக்கு. ஒரு அம்மா என்னையப் பாத்து, "நீங்க நர்ஸுங்களா"ன்னு கேட்டுச்சு. ஆமாங்கன்னு சொல்லிட்டேன். என்னத்தைச் சொல்றது?

சரி, ஸ்கேல் நாயத்துக்கு வர்றேன். எங்க டாக்டருக்குக் கண்ணளவுல பெரிய பேரு. ஹெர்னியாக் கேஸுல வயித்துச் சுவத்துல இருக்கற ஓட்டையை ஒரு பார்வை பாப்பாரு, "அஞ்சு சென்டி"ம்பாரு. அஞ்சுன்னா சுத்தியும் அஞ்சஞ்சு எச்சா விட்டு, பதினஞ்சுக்கு வலை வெட்டி உள்ள தைப்போம். மத்த டாக்டருங்க நூலை விட்டு அளப்பாங்க, கவ்வியோட வாயை வச்சு அளப்பாங்க, உன்னை மாதிரி பேப்பர் ஸ்கேலை வெட்டி விடுவாங்க. இவரு எதையும் விட மாட்டாரு. மீட்டிங்குக்குப் போனா, "நல்லசிவம் கண்ணுலயே ஸ்கேல் இருக்குது"ன்னு பேசிக்குவாங்க. இவரு ஒண்ணும் சொல்லாம சிரிச்சுக்குவாரு. அந்தச் சிரிப்பைப் பாக்கணுமே, மாலை போட்ட மாதிரி.

நம்ம தோல்ல கோடு போடற மார்க்கர் பேனா பாக்கெட்டுல அந்த ஸ்கேல் சும்மாவே வரும், இல்ல? சிஸ்டர் பிரிச்சு வச்சதும் அதை எடுத்துக் குப்பையில போடறவ நான்தான். மேஜையில கெடந்தா எடஞ்சல்.

ஆனா அம்மணி, உனக்குத் தெரியாததில்ல, டிவில தெரியறதுக்கு அளவு ஏது? கேமராவைக் கிட்டக் கொண்டு போனா கடுகு கெணறாத் தெரியும். தள்ளிக் கொண்டு வந்தா கெணறு கடுகாப் போயிரும். அப்பறம் அவரு கண்ணு மட்டும் எப்பிடிச் சரியாச் சொல்லுது? சொல்றேன், இது அவருக்கே தெரியாது. ஓட்டை ஓரத்துல அவரு கவ்வி நுனியைக் கொண்டு வந்து வைப்பாரு. அந்த நுனி டிவில ஒரு வெண்டைக்காய் நீளம் தெரியற வரைக்கும் நான் கிட்டப் போவேன். அதுக்கு மேல ஒரு இம்மி போக மாட்டேன். ஆள் குண்டா இருந்தாலும் ஒல்லியா இருந்தாலும், வெண்டைக்காய்க்கு வந்ததும் எங்கை தானா நின்னுரும். யாரும் சொல்லிக் குடுக்கல. நானும் நெனச்சுச் செய்யல. அவரு தெனமும் ஒரே தூரத்துல இருந்தே பாத்துக்கிட்டு இருந்திருக்காரு, அதனாலதான் சரியாச் சொல்லியிருக்காரு.

இது எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னா, எங்கப்பா தவறினப்ப. காங்கேயத்துல காரியம் முடியற வரைக்கும் இருக்க வேண்டியதாப் போச்சு. அந்த நாள்ல ஈரோட்டுல இருந்து ஒரு டாக்டரை வரவச்சு கேமரா புடிக்கச் சொல்லியிருக்காங்க. பேஷன்ட்டு ருக்குமணின்னு, சத்துணவுக்கூடத்துல சமைக்கறவங்க. நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க. வருஷம் திரும்பறதுக்குள்ள அதே எடத்துல புடைச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. இவரு என்ன சொல்றாரு, "பெரிய அண்டாவைத் தூக்கியிருப்பீங்க." அந்த அம்மா சத்தியம் பண்ணி அழுவுது, தூக்கலைங்க டாக்டர்னு. அப்பறம் வலைக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு ஒரு திட்டு.

ரெண்டாவது ஆபரேஷனுக்கு நான்தான் கேமரா. உள்ள போயி வெண்டைக்காய்ல நின்னேன். பழைய வலை ஒரு பக்கம் ஒட்டியிருக்குது, இன்னொரு பக்கம் ஓட்டை வெளிய எட்டிப் பாக்குது. சுத்தி விட்ட எச்சு பத்தாம வலை சுருங்கி வெலகிருச்சு அம்மணி. போர்வை பத்தாம கால் வெளிய தெரியற மாதிரி. அன்னிக்கு எல்லாரும் சாப்பிடப் போனப்பறம் மொதல் ஆபரேஷன் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாத்தேன். ஈரோட்டுக்காரர் பயந்துக்கிட்டுத் தள்ளியே நிக்கறாரு. கவ்வி நுனி பச்ச மொளகா அளவுதான் தெரியுது. ஆறு சென்டி ஓட்டை நாலாட்டம் தெரியுது, இவரும் கம்பீரமா நாலுங்கறாரு.

அந்த எடத்தையே திருப்பித் திருப்பி ஓட்டிப் பாத்தேன். அவரு கண்ணு அவரு கண்ணே இல்ல. எங்கைதான்.

சொன்னியான்னு கேக்கற. எப்பிடிச் சொல்றது? நீ இன்னும் கல்யாணம் ஆகாதவ, உனக்குத் தெரியாது. அந்த மனுஷனுக்கு இருக்கற ஒரே கர்வம் அது. அதையும் புடுங்கிட்டா ஒடிஞ்சு போயிருவாரு, பொறகு கத்தியே புடிக்க மாட்டாருன்னு நான் பயந்தேன். நெசமாவே பயந்தேன். அதுக்கு நான் பக்கத்துல இருந்துட்டாப் போகுது. அவரு மனசும் நோகாது, பேஷன்ட்டுக்கும் ஒண்ணும் ஆகாது.

அன்னியோட நான் எங்கயும் போகல. ஒறம்பரை, சொந்தபந்தம் வீட்டுக் கல்யாணமா, அவரு லீவு நாளாப் பாத்து வச்சாத்தான். எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை போட்டுக்கிட்டு நிப்பேன். என் தங்கச்சி மதுரையில வீடு கட்டிக் குடிபோனா, அந்த வீட்டு வாசப்படியை நான் இன்னும் மிதிக்கல. கோகிலாவுக்குப் புருஷன் மேல அவ்வளவு ஆசைன்னு ஊர்ல கேலி பேசறாங்க. பேசட்டும். அவங்களுக்கு வெண்டைக்காய் நாயம் தெரியுமா?

சிந்துஜா மொதல் பிரசவத்துக்கு நியூசிலாந்துல இருந்து கூப்பிட்டா. வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்த வாரம் பூரா ஹெர்னியாக் கேஸு. போகல. போன்ல அவ அழுதா. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பிரசவம் பாத்த, எனக்கு மட்டும் பாக்க மாட்டியாம்மா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. நான் என்ன சொல்லட்டும்? அப்பாவுக்கு நான் இல்லாம முடியாது கண்ணுன்னேன். மாப்பிள்ளை வீடியோவுல கொழந்தையைக் காட்டினாரு. கிட்டக் கொண்டாங்க மாப்பிள்ளைங்கறேன், ரொம்பக் கிட்ட, செத்த தள்ளிப் புடிங்கங்கறேன். எவ்வளவு பெரிய கொழந்தைன்னு புடிபடவே மாட்டேங்குது. எத்தனை ஆயிரம் கொழந்தையைப் பாத்தவ நான். கையில வாங்கினாப் போதும், எடையைச் சொல்லிருவேன். ஸ்கிரீன்ல என்னத்தைத் தெரியுது? போனை வச்சிட்டு பாத்ரூம்ல போயி அழுதேன். மத்தியானம் கேஸு இருந்துச்சு, கண்ணைத் தொடச்சுட்டு வந்து நின்னேன்.

இந்தத் தடவை அவ அழல. "இதுக்கும் வரலைன்னா இனிமே உன்னைக் கூப்பிடவே மாட்டேன்"னு நிதானமாச் சொல்லிட்டா. அழுதிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு. அதுக்கப்பறந்தான் நான் இவருகிட்ட அடம் புடிச்சு, பேப்பர்ல வெளம்பரம் குடுத்து, உன்னை எடுத்து, சனிக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டாச்சு.

உனக்கு நான் கத்துக் குடுக்கலையா? நீயே சொல்லு. குழாயை வெந்நீல முக்கி எடுக்கறது, கண்ணாடியில ஆவி மூட்டம் போடாமப் பாத்துக்கறது, படம் சாயாம நேராப் புடிக்கறது, எல்லாம் பொறுமையாச் சொல்லிக் குடுத்தேன். கை உனக்கு நல்ல கை, நடுங்கல. எவ்வளவு கிட்டப் போகணும் மேடம்னு நீ கேட்ட. போகப் போகத் தானா வரும்னு சொன்னேன். வெண்டைக்காய் நாயத்தைச் சொல்லலதான். எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிர முடியுமா? எனக்கு மட்டும் யாரு சொன்னாங்க?

இன்னிக்கு நான் கையைக் கட்டிக்கிட்டு பின்னாடி நின்னேன். இத்தனை வருஷத்துல பின்னாடி நின்னு டிவியைப் பாத்தது இதுதான் மொதல் தடவை. மூக்கு அரிச்சுது, சொறிஞ்சேன். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. நீ உள்ள போன. தள்ளியே நின்ன. அவரு கவ்வியை வச்சாரு. பாக்கறேன், பச்ச மொளகா. அவரும் "நாலு"ன்னாரு.

உங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. பாத்தியா, நான் இல்லாம ஆகலைல்ல, அப்படின்னு. செத்த கிட்டப் போ அம்மணின்னு சொல்ல வாயைத் தொறந்தேன். சொல்லியிருப்பேன், சத்தியமாச் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள நீ சிஸ்டர்கிட்ட, அந்தப் பேனா பாக்கெட்டு ஸ்கேலைக் குடுங்கன்னுட்ட. வெட்டின, சுருட்டின, துளை வழியா உள்ள விட்டுட்ட. அவரு கவ்வியால அதைப் பிரிச்சு ஓட்டை மேல வச்சாரு. ஆறு. யாரு தூரமா நின்னாலும், கிட்ட நின்னாலும், பேப்பர்ல ஆறுன்னா ஆறுதான்.

நான் அவரு முகத்தையே பாக்கறேன். இந்த மனுஷன் என்ன பண்ணப் போறாரோ, உன்னைத் தூக்கி எறியப் போறாரோ, கையில இருக்கறதைப் போட்டுட்டு வெளிய போயிருவாரோன்னு. அவரு ஒரு நிமிஷம் டிவியவே பாத்தாரு. அப்பறம் என்ன சொன்னாரு? நீயும்தான் கேட்ட.

"அட, இது நல்லா இருக்குதே. இனிமே எல்லாக் கேஸுக்கும் விட்டுக்கலாம் அம்மணி."

அவ்வளவுதான். பெரிய வலையா எடுங்க சிஸ்டர்னுட்டு தைக்க ஆரம்பிச்சுட்டாரு. ஒடியல. முகம் கூடச் சுண்டல. சீட்டி அடிச்சாரு, கேட்டியா? சீட்டி அடிச்சாரு.

அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நான் பயந்துக்கிட்டு இருந்திருக்கேன்.

எனக்கு வயிறு எரியுது அம்மணி. உன்மேல இல்ல. யாரு மேலன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. வெளிய வந்து கையைக் கழுவிக்கிட்டே எங்கிட்டச் சொல்றாரு, "சனிக்கிழமைதான டிக்கெட்டு, நிம்மதியாப் போயிட்டு வா கோகிலா. மூணு மாசம் என்ன, ஆறு மாசங்கூட இருந்துட்டு வா, இங்கதான் ஸ்கேல் இருக்குதே"ன்னு. ஆறு மாசமாம். இத்தனை வருஷத்துல செத்த நேரம் போயிட்டு வான்னு சொல்லாத வாய். நான் இல்லாம ஆறு மாசம் இருப்பாராம், பேப்பரை வச்சுக்கிட்டு.

அதனால யோசிச்சேன். நல்லா யோசிச்சுத்தான் முடிவு பண்ணியிருக்கேன். பேப்பரு ரத்தத்துல ஊறும். கோடு அழியும். உள்ளயே கிழிஞ்சு ஒரு துண்டு தங்கிருச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ புதுசு, அவருக்கு வயசாகுது, இப்படி ரெண்டு பேரையும் ஒரு காயிதத்தை நம்பி விட்டுட்டு நான் எப்பிடிப் பிளேன் ஏறுவேன்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதில்ல? டிக்கெட்டு போட்டுக் குடுத்தவனுக்கு இப்பத்தான் போன் பண்ணி கேன்சல் பண்ணச் சொன்னேன். நீ உள்ள வர்றதுக்கு முன்னாடிதான். உனக்கு முதல்ல சொல்றேன், அவருக்கு இன்னும் தெரியாது.

எதுக்கு அப்பிடிப் பாக்கற? போகணும்னு எனக்கு ஆசை இல்லைன்னு நெனைக்கறியா? அந்தக் கொழந்தைக்குன்னு எட்டு காட்டன் துணி கிழிச்சு, தொவைச்சு, மடிச்சு பெட்டியில வச்சிருக்கேன். கடையில விக்கற டயாப்பர் எனக்குப் புடிக்காது. என் விதி, விட மாட்டேங்குது. என்னை மாதிரி வருஷக்கணக்கா நீ கேமரா புடிச்சு நின்னாத்தான் தெரியும், இங்க யாரும் விட மாட்டாங்க, விடவே மாட்டாங்க.

நாளைக்குக் காலைல ஒரு ஹெர்னியா இருக்குது. கேமரா நான் புடிக்கறேன். நீ எனக்குப் பின்னாடி நின்னு பாத்துக்க. பேனாப் பாக்கெட்டு எல்லாம் நானே பிரிச்சுக்கறேன்.

காபியைக் குடிக்கவே இல்லியே நீ. ஏடு கட்டிப் போச்சு பாரு.

போன் அடிக்குது. என்னோடதுதான், அந்த மேஜை மேல. யாருன்னு பாரு. சிந்துஜாதான, எனக்குத் தெரியும். ஏஜென்ட்டு அவளுக்கும் மெசேஜ் அனுப்பியிருப்பான். இல்ல, எங்கிட்டக் குடுக்காத. நீயே எடு. எடு அம்மணி, கட்டாகிரும். டாக்டர் பிரிசில்லா பேசறேன்னு சொல்லு. அம்மா தியேட்டர்ல இருக்காங்க, கேமரா புடிச்சுக்கிட்டு இருக்காங்க, கை எடுக்க முடியாதுன்னு சொல்லு.